வாயைக் கடைசியில் வரைகிறவள்

தூத்துக்குடியில் ஒரு காலத்தில் ஆண்பிள்ளைகள் வேலை விட்டு வந்ததும் செருப்பைக் கழற்றுவதற்கு முன்னால் முன்கட்டுச் சுவரைத்தான் பார்த்தார்கள். சுவரில் தொங்குகிற பெண்டாட்டி படத்தின் முகம் தெளிவாக இருந்தால் உள்ளே வந்து காபி கேட்டார்கள், சுருங்கியிருந்தால் எதையோ மறந்துவிட்டு வந்தவர்கள் மாதிரித் திரும்பிக் கடற்கரை வரைக்கும் நடந்து, விளக்கு வைக்கிற நேரத்துக்கு மெதுவாக வந்து சேர்ந்தார்கள். அதே பெண்டாட்டி சமையல்கட்டில் "எனக்கென்ன, நல்லாத்தான் இருக்கேன்" என்று சிரித்துக்கொண்டுதான் நிற்பாள். அவள் வாயால் சொன்னதை அதற்கு முன்னாலும் யாரும் காதில் வாங்கியதில்லை. சுவர் சொன்னால் மட்டும் கேட்டார்கள்.

அந்தப் படங்களை எல்லாம் எழுதியவள் அனஸ்தாசியாள் மோத்தா, ஊர் வாயில் அனஸ்தி. போன மாதம் ஓவியக் கல்லூரியிலிருந்து ஒரு பெண் வந்து, எங்கள் வீட்டில் இருக்கிற படத்தை அளந்து, போட்டோ பிடித்து, அனஸ்தியின் பாணி மூன்று என்று என்னிடமே சொன்னாள்: முடிக்காமல் விட்ட வாய், அக்கறை இல்லாமல் போட்ட நகை, ஏதாவது பொருளைப் பிடித்திருக்கிற கை. பார்த்தது எல்லாம் சரி, காரணம்தான் ஒன்றும் தெரியவில்லை. ஒரு வாய் காபி குடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தால் சொல்லியிருப்பேன், ரயிலுக்கு நேரமாயிற்று என்று ஓடிவிட்டாள். அந்த வாய்களை அனஸ்தி முடிக்காமல் விடவில்லை. ஒரு வெள்ளிக்கிழமை காலை பதினோரு மணிக்கு அவள் செத்துப்போனாள், அந்த நிமிஷத்தில் ஊரில் இருந்த அத்தனை படங்களும் நின்ற இடத்தில் நின்றுவிட்டன, ஒன்று கொட்டாவியில், ஒன்று முணுமுணுப்பில், எங்கள் வீட்டுப் படம் பாதிப் பேச்சில். எங்கள் வீட்டுப் படம் என் மாமியார் மெற்றில்டாவின் அக்கா செரபீனாவுடையது. இதை எனக்குச் சொன்னதும் மெற்றில்டாதான், ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் கூட்டியே சொன்னார்கள், நான் கூட்டினதைக் கழிக்கவில்லை.

அனஸ்தியின் அப்பா தோணிகளுக்குப் பேர் எழுதுகிறவர். கடல் மோசமாகித் தோணி கரையில் கிடக்கிற மாதங்களில் கோயில் கோயிலாகப் போய் நிறம் போன சுரூபங்களுக்குப் புதிதாகக் கண் எழுதுவார், குழந்தை சேசுவின் கன்னத்தில் சிவப்பு ஏற்றுவார். அவருக்குச் சாயம் குழைத்துக் கொடுத்தே வளர்ந்த அனஸ்தி பன்னிரண்டு வயதில் சூசையப்பருக்கு எழுதின கண்ணைப் பார்த்து, இவர் இப்போதுதான் தூங்கி எழுந்த மாதிரி இருக்கிறாரே என்று பங்குச் சாமியார் கேட்டாராம். பதினேழு வயதில் அவளைக் கட்டிக்கொண்டவன் கொழும்பில் ஜவுளிக் கடைக்குப் போனான், அடுத்த கிறிஸ்மஸுக்கு வந்து கூட்டிப்போகிறேன் என்றான், கிறிஸ்மஸ் மட்டும் ஒன்பது தடவை வந்தது. பத்தாவது வருஷம் அவள் கான்வாஸும் எண்ணெய்ச் சாயமும் வாங்கிக்கொண்டு வீடு வீடாகப் போனாள். ஸ்டூடியோக்காரன் முன்னால் போய் உட்காரக் கூச்சப்பட்ட நல்ல வீட்டுப் பெண்களுக்கு, பின்வாசல் வழியாகச் சமையல்கட்டு வரை வந்து படம் எழுதுகிற ஒருத்தி கிடைத்தது வசதியாகப் போயிற்று.

அவள் எழுதுகிற விதம் ஒரு தினுசு. முன்கட்டில் பூச்சாடி பக்கத்தில் உட்கார வைக்க மாட்டாள். கொல்லைப்புற வாசலில், இடது பக்கம் வெளிச்சம் விழுகிற இடத்தில் நாற்காலியைப் போட்டு, கையில் ஒரு வேலையைக் கொடுப்பாள்: உரிக்கப் பூண்டு, தைக்கப் பொத்தான், இல்லாவிட்டால் ஒரு சாவிக் கொத்தாவது. சும்மா இருக்கிற கையை அவளுக்கு எழுத வராதாம். நகையை ஒரு தீற்றலில் முடித்துவிடுவாள். எங்கள் வீட்டு அட்டியல் புளியங்கொட்டை மாதிரி இருக்கிறதே என்று கேட்ட வீட்டில், அட்டியல்தான் வேண்டுமென்றால் தட்டாரைக் கூப்பிடுங்கள் என்று சொல்லிவிட்டுப் பிரஷ்ஷைக் கழுவப் போய்விட்டாளாம். வாய் மட்டும் கடைசி நாள். அன்றைக்கு வீட்டு ஆண்கள் வெளியே போக வேண்டும், மாமியார்காரி கோயிலுக்குப் போக வேண்டும். எல்லாரும் போனதும் அனஸ்தி ஒரே ஒரு கேள்வி கேட்பாள்.

"இன்னைக்கு என்ன குழம்பு?"

அவ்வளவுதான். எதிரே இருக்கிறவள் குழம்பின் பேரைச் சொல்லுவாள், பிறகு அந்தக் குழம்பு யாருக்குப் பிடிக்கும் என்பாள், யாருக்குப் பிடிக்காததால் போன வாரம் சட்டியோடு கொட்ட வேண்டியிருந்தது என்பாள், மீனின் நடுத்துண்டு யாருக்கு, தலை யாருக்கு, தனக்கு எந்நேரம் எங்கே நின்றுகொண்டு என்ன மிஞ்சும் என்பது வரைக்கும் அவளையும் அறியாமல் வந்து நிற்பாள். அனஸ்தி அதுவரை பிரஷ்ஷைத் தொட மாட்டாள். பேச்சு தானாக ஓய்ந்த பிறகு ஐந்து நிமிஷம், வாய் முடிந்துவிடும்.

முதலில் மாறினது உப்பு ஆபீஸ் கிளார்க் பெண்டாட்டி பிரஸ்காளின் படம். திங்கட்கிழமை மாட்டினார்கள், புதன்கிழமை உதடு இரண்டு ஓரமும் கீழே இறங்கிவிட்டது. கிளார்க் அனஸ்தியைக் கூப்பிட்டு, உப்புக் காற்றில் சாயம் வழிந்துவிட்டது, என்ன எண்ணெய் போட்டாய் என்று சத்தம் போட்டார். அனஸ்தி படத்தைப் பார்த்துவிட்டு உள்ளே போய்ப் பிரஸ்காளிடம் புதன்கிழமை என்ன நடந்தது என்று கேட்டாள். ஒன்றும் நடக்கவில்லை என்றாள் பிரஸ்காள். ஒரு மணி நேரம் கழித்து, தம்பி கல்யாணத்துக்குக் கடிதம் வந்ததையும் அதைக் கிளார்க் படித்துவிட்டு மடித்து வைத்ததையும் சொன்னாள். வெள்ளிக்கிழமை கிளார்க்கே அவளை ரயிலேற்றிவிட்டு வந்து கதவைத் திறந்தபோது, ஆளில்லாத வீட்டில் படம் பல் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தது. மேல்வரிசையில் ஒரு பல் லேசாக உடைந்திருந்தது, அனஸ்தி எழுதாத பல், கிளார்க் பன்னிரண்டு வருஷமாகப் பார்க்காத பல். அதற்குப் பிறகு உப்புக் காற்றை யாரும் குறை சொல்லவில்லை.

ஒரு பெண் நாலு பேருக்குக் காட்டுகிற முகத்தைப் படம் காட்டவில்லை, தனியாக இருக்கும்போது அவள் வைத்திருக்கிற முகத்தைக் காட்டுகிறது என்று ஊர் புரிந்துகொள்ள இரண்டு வருஷம் பிடித்தது. ஏன் என்று யாரும் ரொம்ப நாள் கேட்கவில்லை, அவரவருக்கு வேலை இருந்தது. ஞானோபதேசத்தில் இதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை, அதனால் பாவம் இல்லை, ஆனால் பிரசங்கத்துக்கு நடுவில் வீட்டுக்குப் போய்ப் படத்தைப் பார்த்துவிட்டு வருவது நிற்க வேண்டும் என்று சாமியார் சொல்லிவிட்டார். டாக்டர் நாக்கை நீட்டச் சொல்வதற்குப் பதிலாகப் படத்தைத் தூக்கிவரச் சொன்னார். தையல்காரர் வளையம் கோத்த குட்டித் திரைகள் தைத்து விற்றார், விருந்தாளி வரும்போது படத்தின் மேல் இழுத்துவிட. திரை போட்டிருந்தால் உள்ளே என்ன முகம் என்று எல்லாருக்கும் தெரிந்துபோயிற்று, ஆனாலும் திரை விற்றது. ஸ்டூடியோக்காரர், இங்கே எடுக்கும் முகம் என்றும் மாறாது என்று போர்டு எழுதி வைத்தார், கணவன்மார்கள் கூட்டமாக அங்கே போனார்கள். மூன்றே வருஷத்தில் எந்தப் புருஷனும் பெண்டாட்டிக்குப் படம் எழுதச் சொல்லி அனஸ்தியைக் கூப்பிடுவதில்லை என்று ஆயிற்று.

அப்போதுதான் அம்மாக்கள் வந்தார்கள். பெண்ணைக் கட்டிக்கொடுத்துவிட்டால், கூப்பிடாமல் சம்பந்தி வீட்டுக்குப் போகக் கூடாது. போனாலும் எப்படி இருக்கிறாய் என்று மாமியார் முன்னால்தான் கேட்க வேண்டும், சுகம் என்றுதான் பதில் வரும். கல்யாணத்துக்கு ஒரு வாரம் முன்னால் அனஸ்தியைக் கூப்பிட்டுப் பெண்ணை எழுதி வாங்கிக்கொண்டு, படத்தை நம் வீட்டுச் சுவரிலேயே மாட்டிக்கொண்டால், பெண் எந்தத் தேசத்தில் இருந்தால் என்ன, காலையில் எழுந்து முகத்தைப் பார்த்துவிடலாமே. தெருக்குழாயடியில் இப்படித்தான் பேசிக்கொள்வார்களாம்: "ஒம்ம மவ இன்னைக்கு எப்படி மைனி?" "காலையில கடுகடுன்னு இருந்தா. பத்து மணிக்கு மேல தேவலை."

செரபீனாவின் படம் அப்படி எழுதினதுதான். அவள் அப்பா கஸ்பார் துறைமுகத்தில் மூட்டை எண்ணுகிறவர், நெஞ்சு பலவீனம், மூன்று படி ஏறினால் சுவரைப் பிடித்துக்கொள்வார். அம்மா எமிலியாள் வீட்டை ஒரு தூசி இல்லாமல் வைத்திருப்பவள், அடுத்தவர்கள் கண்ணுக்கும் சேர்த்து. செரபீனாவுக்குப் பத்தொன்பது வயது, கன்னியர் மடத்தில் படித்த லேஸ் பின்னல் கையில் இருந்தது, அதனால் அனஸ்தி அவள் கையில் குரோஷா ஊசியும் வெள்ளை நூல்கண்டும் கொடுத்து, மணிக்கட்டில் ஒற்றைத் தங்க வளையலை மஞ்சளில் ஒரே தீற்றலாகத் தீற்றினாள். வாய் எழுதுகிற நாளில் என்ன குழம்பு என்று கேட்டதும் செரபீனா, சாளை மீன், மாங்காய் போட்டு என்றாள். கதவுக்குப் பின்னாலிருந்து எமிலியாள், படத்துக்கு உட்கார்ந்துகொண்டு சாளை என்றா சொல்வது, விளமீன் என்று சொல்லேன்டி என்றாள். செரபீனா குலுங்கிச் சிரித்தாள், அனஸ்தி எமிலியாளை வெளியே அனுப்பிவிட்டு அந்தச் சிரிப்பின் வால் நுனியை எழுதினாள்.

மாப்பிள்ளை அவுரேலியன், கொழும்பில் கொட்டாஞ்சேனையில் சொந்த வீடு. முதல் மாதம் படத்தில் வீட்டு ஞாபகம் தெரிந்தது, அது எல்லாப் பெண்ணுக்கும் வருவதுதான். இரண்டாம் மாதம் கண்ணுக்குக் கீழே கறுத்தது, வாய் கோடாகிவிட்டது. கஸ்பார் அதையே பார்த்துக்கொண்டு நின்று, நெஞ்சைத் தடவிக்கொண்டு உட்கார்ந்தார். எமிலியாள் கடிதம் எழுதினாள். முகம் வாடிக் கிடக்கிறது, அப்பா பார்த்துப் பார்த்து நெஞ்சைப் பிடிக்கிறார், மெற்றில்டாவைப் பெண் கேட்டு வருகிறவர்கள் முன்கட்டில்தானே உட்கார வேண்டும், கொஞ்சம் முகத்தைப் பார்த்துக்கொள் மகளே. சுகம், பார்த்துக்கொள்கிறேன் என்று பதில் வந்தது. இன்னும் இரண்டு கடிதம் போயிற்று, இன்னும் இரண்டு சுகம் வந்தது. எமிலியாளைக் கல்நெஞ்சக்காரி என்று நினைக்க வேண்டாம். அவள் தாயும் அவளுக்கு இதைத்தான் சொல்லி அனுப்பியிருப்பாள், படம் இல்லாத காலம், அதனால் தபால் மிச்சம்.

கிறிஸ்மஸுக்கு நாலு நாள் இருக்கையில் படம் சிரித்தது. மறுநாளும் சிரித்தது. பொங்கலுக்கும், சாம்பல் புதனுக்கும், பாடுகளின் வாரம் முழுக்கவும் அதே அளவு, அதே அழகு. ஊரே வந்து பார்த்தது. கல்யாணம் நிச்சயமான பெண்களைக் கூட்டிவந்து, குடித்தனம் பண்ணுவது என்றால் இப்படி என்று காட்டினார்கள். எமிலியாள் திரையைக் கழற்றி மடித்து அலமாரியில் வைத்தாள், கஸ்பார் பிடிமானம் இல்லாமல் படியேறினார், மெற்றில்டாவுக்கு இரண்டு இடத்திலிருந்து கேட்டு வந்தது. ஒருத்தி தனியாக இருக்கும்போதுகூடச் சிரிக்கிறாள் என்றால் அவளைவிடச் சுகமாக யார் இருக்க முடியும்? முகம் பார்க்கப் பழகின ஊர், அந்த ஊர் மட்டுமே செய்யக்கூடிய தப்பைச் செய்தது.

அனஸ்தி அத்தனை மாதமும் மணப்பாட்டில் ஒரு பெரிய வீட்டில் ஆறு மருமகள்களை எழுதிக்கொண்டிருந்தாள். ஈஸ்டர் கழிந்து வந்தவள் வழக்கம்போலப் பின்வாசல் வழியாக நுழைந்து முன்கட்டுக்கு வந்து நின்றாள். மெற்றில்டா அப்போது பெருக்கிக்கொண்டிருந்தாள். அனஸ்தி படத்துக்குக் கிட்டே போய்ப் பார்த்தாள்.

"இது நான் வரைஞ்ச வாய் இல்ல மைனி."

நீ வரைந்தால் அது மாறும் என்றுதான் ஊருக்கே தெரியுமே, இது என்ன புதுசு என்றாள் எமிலியாள்.

"மாறுறதுதான் என் வாய். இது மாறலையே. நாலு மாசமா ஒருத்தி ஒண்ணுபோல சிரிப்பாளா? தலை வலிக்கையில? குளிக்கையில? நீங்க சிரிப்பீங்களா?" பிறகு, "மொகத்தை விடுங்க. கையைப் பாருங்க" என்றாள்.

நாலு மாதமாக ஊரில் ஒருத்தரும் கையைப் பார்க்கவில்லை. மணிக்கட்டில் இருந்த வளையல் நழுவி விரல் முட்டியில் வந்து கிடந்தது. நூல்கண்டைப் பிடித்திருந்த விரல்கள் துடைப்பக்குச்சி மாதிரி இருந்தன. அனஸ்தி ஒரு தீற்றலில் போட்ட மஞ்சள், அதுதான் ஊர் முழுக்க ஏமாந்த வீட்டில் ஏமாற்றாமல் இருந்தது. எமிலியாள் தன் வளையலை ஒருமுறை தொட்டுப் பார்த்துக்கொண்டாள். கடிதத்தில் என்ன எழுதினாள் என்று அப்போதுதான் சொன்னாள்.

கூப்பிடாமல் எப்படிப் போவது, சம்பந்தி என்ன நினைப்பாள் என்று அந்த நிலைமையிலும் ஒரு வார்த்தை வந்துவிட்டது அவள் வாயில். படத்தில் கொஞ்சம் திருத்தம் இருக்கிறது, படக்காரியைக் கூட்டி வந்திருக்கிறேன் என்று சொல்லுங்கள் என்றாள் அனஸ்தி. கப்பலில் எமிலியாள் ஜெபமாலை உருட்டிக்கொண்டே, அந்த ஊரில்தானே உன் ஆளும் இருக்கிறான், பார்த்தால் என்ன செய்வாய் என்று கேட்டாளாம். பார்த்தாலும் அடையாளம் தெரியாது மைனி, அவர் வாயை நான் எழுதினதில்லை என்றாளாம் அனஸ்தி.

கொட்டாஞ்சேனையில் செரபீனாவே கதவைத் திறந்தாள். படத்தில் இருந்த சிரிப்பு அப்படியே முகத்தில் இருந்தது, அதற்குக் கீழே ஆள்தான் இல்லை. மாமியார் பூசைக்குப் போயிருந்தாள், சாமான் அறைச் சாவியும் அவள் இடுப்பில் பூசைக்குப் போயிருந்தது. வீட்டில் ஒன்பது பேர். ஒன்பது பேருக்கும் ஆக்கிப் போட்டுவிட்டு, சட்டியில் ஒட்டியிருப்பதைத் தண்ணீர் ஊற்றிக் கரைத்துக் குடித்துவிட்டு, இவள் பின்கட்டில் தனியாக உட்கார்ந்து சிரிக்க வேண்டும். அவுரேலியனுக்கு வேறொரு வீடு இருந்தது, இங்கே புதனும் சனியும் வருவான். அம்மாவைக் கண்டதும் அவள் கேட்ட முதல் கேள்வியைக் கடைசிக் காலம் வரைக்கும் எமிலியாளால் திருப்பிச் சொல்ல முடிந்ததில்லை, அனஸ்திதான் சொன்னாள்.

"படத்துல மொகம் சரியா இருக்காம்மா?"

சம்பந்தியம்மாள் கோயிலிலிருந்து வந்து, யாரைக் கேட்டு வந்தீர்கள் என்று வாசலிலேயே கேட்டபோது, எமிலியாள் திருத்தம் கிருத்தம் என்று ஒன்றும் சொல்லவில்லை. ஒரு கையில் தகரப் பெட்டி, மறுகையில் மகள். வழியை விடுங்கள் என்று மட்டும் சொன்னாள்.

வீட்டுக்கு வந்தும் அந்தச் சிரிப்பு போகவில்லை. சுவரிலும் போகவில்லை, முகத்திலும் போகவில்லை. கஞ்சி குடிக்கையில் சிரித்தாள், தூக்கத்தில் சிரித்தாள், டாக்டர் ஊசி போட்டபோதும் சிரித்தாள். கஸ்பார் அவள் எதிரே ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து, "என் நெஞ்சைப் பத்தி நீ கவலப்படாத ட்டி, அது என் நெஞ்சு, நான் பாத்துக்கிடுதேன்" என்றார். அதற்கும் சிரித்தாள். எவ்வளவு பட்டும் சிரித்த முகம் மாறவில்லையே, தங்கம் என்று அக்கம்பக்கத்தில் பாராட்டினார்கள். பாராட்டுகிறவர்களை அடிக்க அன்றைக்கு மெற்றில்டாவுக்குக் கை வந்ததாம்.

பன்னிரண்டாம் நாள் அனஸ்தி வந்தாள். பின்வாசலில் அதே இடத்தில் நாற்காலியைப் போட்டாள், செரபீனாவை உட்கார வைத்து ஊசியையும் நூலையும் கொடுத்தாள், கஸ்பாரை வெளியே போகச் சொன்னாள். எமிலியாளை இந்தத் தடவை போகச் சொல்லவில்லை. இங்கேயே நில்லுங்கள் என்றாள். சாயப்பெட்டியும் கொண்டுவரவில்லை, பிரஷ்ஷும் கொண்டுவரவில்லை.

"இன்னைக்கு என்ன குழம்பு?"

எதுவானாலும் சரி என்று சிரித்தாள் செரபீனா. அனஸ்தி மறுபடியும் கேட்டாள். அம்மா எதை வைத்தாலும் என்றாள். அனஸ்தி மூன்றாவது தடவையும் கேட்டாள், அதே குரலில், இதற்கு முன் கேட்காதவள் மாதிரி. ஊசி நின்றுவிட்டது. கொல்லையில் ஒரு கோழி மண்ணைக் கிளறிக் கிளறி ஓய்ந்து போயிற்று.

"சாளை" என்றாள் செரபீனா. கொஞ்சம் கழித்து, "மாங்காய் போட்டு." பிறகு தலையைத் திருப்பித் தாயைப் பார்த்தாள். "எனக்கு மொதல்ல போடணும்."

முன்கட்டில் படத்துக்கு எதிரே நின்றுகொண்டிருந்த மெற்றில்டா, பின்கட்டிலிருந்து குரல் வர வர, சுவரில் அந்த வாய் ஒவ்வொரு சொல்லாகச் சிரிப்பிலிருந்து இறங்குவதைப் பார்த்தாள், கடல் உள்வாங்கிக் கல்லும் பாசியும் வெளியே தெரிகிற மாதிரி. தனியாக வைத்திருக்கும் முகமும் நாலு பேருக்குக் காட்டும் முகமும் அன்றைக்கு ஒன்றாகிவிட்டது, அதற்குப் பிறகு அவளுக்கு இரண்டாவது முகம் ஒன்று வரவே இல்லை. எமிலியாள் கூடையை எடுத்துக்கொண்டு, கௌரவம் பார்க்கிற வீட்டுக்காரிகள் முந்தானையில் மறைத்து வாங்கிவருகிற மலிவு மீனான சாளையை, நடுத்தெருவில் எல்லாரும் பார்க்கத் தூக்கிவந்து, ஆக்கி, மகளை உட்கார வைத்து முதலில் போட்டுவிட்டு நின்றாள். செரபீனா ஏழு மீன் தின்றாள். கையைக் கழுவினாள். பிறகு அவளுக்குக் கோபம் வந்தது.

பதினோரு மாதம் இருந்தது அந்தக் கோபம். புருவம் முடிச்சிட்டு, மூக்கு விடைத்து, வாய் இப்போது எதையாவது சொல்லிவிடும் என்பதுபோல, சுவரிலிருந்து தெருவரைக்கும் தெரிந்தது. சிரித்தபோது கூட்டமாக வந்த ஊர் இப்போது அந்தப் பக்கம் பார்க்காமல் போயிற்று. மெற்றில்டாவைக் கேட்டிருந்த இரண்டு இடமும் தவிர்த்துக்கொண்டது. திரையையாவது போடு எமிலி, சின்னவளுக்கு வயது ஏறுகிறது என்று சொந்தக்காரர்கள் வந்து வந்து சொன்னார்கள்.

மூன்றாவது இடம் வீரபாண்டியன்பட்டினத்திலிருந்து. ஒரு ஞாயிற்றுக்கிழமை மாப்பிள்ளை, தாய், தகப்பன், ஒரு சித்தப்பா, நாலு பேர் வந்து முன்கட்டில் உட்கார்ந்தார்கள், மாப்பிள்ளையின் தாய் படத்துக்கு நேர் எதிரே. காபி வந்தது. அந்த அம்மாள் டம்ளரைத் தூக்கினவள் நிமிர்ந்து பார்த்தாள், டம்ளர் பாதியிலேயே நின்றது. அதைக் கண்டு மாப்பிள்ளையின் தகப்பனாரும் படத்தைப் பார்த்தார், சித்தப்பா பார்த்தார். கஸ்பார் தரையைப் பார்த்தார். கதவோரம் நின்ற மெற்றில்டா, இதுவும் போயிற்று என்று புடவைத் தலைப்பை முறுக்கிக்கொண்டு நின்றாள்.

எமிலியாள் எழுந்தாள். அலமாரியில் திரை எங்கே இருக்கிறது என்று அந்த வீட்டில் எல்லாருக்கும் தெரியும். அவள் அலமாரி பக்கம் போகவில்லை. படத்துக்கிட்டே போய், ஒரு பக்கம் லேசாகச் சரிந்திருந்த சட்டத்தை நேராக்கினாள்.

"என் மூத்த மக" என்றாள். "கோவமா இருக்கா. நீங்க காபி குடிங்க."

யாரும் குடிக்கவில்லை. அப்போது மாப்பிள்ளையாக வந்த அந்தப் பையன், பிற்பாடு எனக்கு மாமனாரானவர், படத்தை நன்றாக நிமிர்ந்து பார்த்துவிட்டு, நிஜமாகவே தெரிந்துகொள்ள வேண்டும் என்கிற குரலில், என்ன கோபம் என்று கேட்டார்.

சமையல்கட்டிலிருந்து செரபீனா கையைத் துடைத்துக்கொண்டே வந்து, தன் படத்துக்குக் கீழே ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, சொல்ல ஆரம்பித்தாள். அவர்கள் எழுந்திருக்கச் சாயங்காலம் ஆயிற்று. நடுவில் இரண்டு தடவை காபி போட வேண்டியிருந்தது.